பெரிய பெயருக்குக் கடன் கொடுப்போர் படிக்க வேண்டிய ஓர் உதைபந்தாட்டப் பருவம்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் உதைபந்தாட்டத்தைப் பற்றி நமது கடைகளில் வேலை செய்யும் இளைஞர்களிடம் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். எந்த வீரரை எந்தக் கழகம் எத்தனை மில்லியன் பவுணுக்கு வாங்கியது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அதற்கு அடுத்த தரத்தில் நடைபெறும் சுற்றுப்போட்டியைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. சம்பியன்ஷிப் என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டால் முதலிடம் போலத் தோன்றினாலும் அது இரண்டாம் தரப் பிரிவுதான்.

வர்த்தகப் பக்கத்தில் உதைபந்தாட்டம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கோல்களைப் பற்றி எழுதுவது எனது நோக்கமல்ல. 2021 ஓகஸ்ட் முதல் 2022 மே வரை நடைபெற்ற சம்பியன்ஷிப் பருவத்தில் டெர்பி கவுன்டி என்ற கழகத்துக்கு நேர்ந்த கதி, கடனுக்குப் பொருள் கொடுத்து வாங்கும் ஒவ்வொரு வர்த்தகரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று என்பது எனது கருத்து. அந்தக் கழகம் தோற்றது மைதானத்தில் அல்ல, கணக்குப் புத்தகத்தில்.

பரிசு பெரிது, செலவு அதைவிடப் பெரிது

முதலில் இந்தச் சுற்றுப்போட்டியின் அமைப்பை விளங்கிக்கொள்வது நல்லது. சம்பியன்ஷிப்பில் 24 கழகங்கள் உள்ளன. ஒவ்வொரு கழகமும் 46 போட்டிகளில் விளையாட வேண்டும். 2021/22 பருவத்தில் முதல் இரண்டு இடங்களைப் பெற்ற கழகங்கள் நேரடியாகப் பிரீமியர் லீக்குக்குத் தரமுயர்ந்தன. மூன்றாம் இடம் முதல் ஆறாம் இடம் வரை வந்த நான்கு கழகங்கள் தமக்குள் மோதி, வென்ற ஒன்று மூன்றாவதாக மேலே சென்றது. கடைசி மூன்று கழகங்கள் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டன.

மேலே செல்வதன் பெறுமதிதான் இங்கே கவனிக்கத்தக்கது. 2022ஆம் ஆண்டின் தரமுயர்வு இறுதிப் போட்டியில் வெல்லும் கழகத்துக்கு அடுத்து வரும் பருவங்களில் ஆகக் குறைந்தது 170 மில்லியன் பவுண் மேலதிக வருமானம் கிடைக்கும் என டெலோயிட் நிறுவனம் அப்போது மதிப்பிட்டது. ஒரே ஒரு போட்டிக்கு இவ்வளவு பெறுமதி! உலக உதைபந்தாட்டத்தில் மிகப் பெறுமதிமிக்க போட்டி என்று அதனை அழைப்பதில் வியப்பில்லை.

இன்னொரு விடயமும் உண்டு. பிரீமியர் லீக்கிலிருந்து கீழே விழும் கழகங்களுக்கு, விழுந்த வேகத்தில் உடைந்து போகாமல் இருப்பதற்காகச் சில வருடங்களுக்கு ஒரு கொடுப்பனவு வழங்கப்படுகிறது. வானிலிருந்து குதிப்பவனுக்குப் பரசூட் போன்றது என்பதால் அதற்குப் பரசூட் கொடுப்பனவு என்றே பெயர். முதல் வருடத்தில் அது 40 மில்லியன் பவுணையும் தாண்டும். அதே பிரிவில் உள்ள சாதாரண கழகம் ஒன்றுக்குப் பிரீமியர் லீக்கிலிருந்து கிடைப்பதோ ஏறத்தாழ 5 மில்லியன் பவுண்தான். ஒரே தெருவில் இரண்டு கடைகள். ஒரு கடைக்காரனுக்கு மாதா மாதம் வெளியிலிருந்து பணம் வருகிறது. மற்றவன் தனது கல்லாவை மட்டும் நம்பியிருக்கிறான். இரண்டாவது கடைக்காரன் முதலாமவனுக்குச் சமமாக அலங்கார விளக்குப் போட முயன்றால் என்ன நடக்கும்?

அதுதான் சம்பியன்ஷிப்பில் நடக்கிறது. சாதாரண வியாபாரம் ஒன்றில் வரும் வருமானத்தில் பொருட்களின் விலை, வாடகை, மின்சாரம், சம்பளம் எல்லாவற்றையும் கழித்துத்தான் இலாபம் பார்க்கிறோம். சம்பியன்ஷிப் கழகங்களோ அக்காலத்தில் வருமானத்தைவிட அதிகமாகச் சம்பளத்துக்கு மட்டுமே செலவிட்டன. கொவிட் காலமான 2020/21 பருவத்தில் இக்கழகங்கள் ஒட்டுமொத்தமாக ஒவ்வொரு 100 பவுண் வருமானத்துக்கும் 120 பவுணுக்கும் அதிகமாகச் சம்பளம் கொடுத்தன. கொவிட்டுக்கு முன்னரும் இந்த எண்ணிக்கை 100ஐத் தாண்டியே இருந்தது. ஆகவே பழியை முழுமையாக நோயின் மீது போட முடியாது.

மீதியை யார் கொடுப்பது? உரிமையாளர் தனது சட்டைப் பையிலிருந்து கொடுக்க வேண்டும். இதற்கு ஓர் எல்லை வைக்க வேண்டும் என்பதற்காகச் சுற்றுப்போட்டியை நடத்தும் இங்கிலிஷ் ஃபுட்போல் லீக், மூன்று வருடங்களில் மொத்தம் 39 மில்லியன் பவுணுக்கு மேல் நட்டமடையக் கூடாது என்று விதி வகுத்திருந்தது. நட்டத்துக்கும் அனுமதி கொடுத்து அதற்கு ஓர் அளவும் வைக்கும் வியாபாரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பழைய பெயரும் புதிய முதலாளியும்

டெர்பி கவுன்டி சாதாரண கழகம் அல்ல. 1884இல் ஆரம்பிக்கப்பட்டது. 1888இல் இங்கிலாந்தின் லீக் உருவானபோது அதில் இடம்பெற்ற 12 கழகங்களுள் ஒன்று. 1972இலும் 1975இலும் முழு இங்கிலாந்துக்கும் சம்பியனானது. 1997 முதல் பிரைட் பார்க் என்ற நவீன மைதானத்தில் விளையாடி வருகிறது. 30,000 பேருக்கு மேல் அமரக்கூடிய அந்த மைதானம் இரண்டாம் தரப் போட்டிகளுக்கும் நிரம்பி வழியும். இப்படியான ஒரு கழகத்திலிருந்து கொள்வனவுக் கட்டளை வந்தால் அந்த ஊரில் எந்த வியாபாரி மறுப்பான்?

2015இல் இக்கழகத்தின் உரிமையாளரானவர் மெல் மொரிஸ். டெர்பியைச் சேர்ந்தவர். சிறு வயது முதல் கழகத்தின் ரசிகர். கேண்டி கிரஷ் என்ற கைத்தொலைபேசி விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்தில் முதலீடு செய்து பெரும் செல்வந்தரானவர். கழகத்தைப் பிரீமியர் லீக்குக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்ற ஆசையில் பணத்தை வாரி இறைத்தார். 200 மில்லியன் பவுணுக்கு மேல் செலவிட்டதாக அவரே பின்னர் கூறினார். பயிற்றுவிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராக மாறினார்கள். வீரர்கள் பெரிய விலைக்கு வாங்கப்பட்டார்கள்.

2019 மே மாதத்தில் அந்தக் கனவு கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. ஃபிராங்க் லம்பார்ட்டின் பயிற்றுவிப்பில் டெர்பி தரமுயர்வு இறுதிப் போட்டிக்கு வந்து, வெம்ப்லி மைதானத்தில் அஸ்டன் வில்லாவிடம் 2 - 1 என்ற கணக்கில் தோற்றது. ஒரு கோல் வித்தியாசம். வில்லா மேலே சென்றது. டெர்பிக்கு எஞ்சியது சம்பளப் பட்டியல் மட்டும்தான். வென்றால் வரும் பணத்தை நம்பிச் செய்த செலவுகள், தோற்ற பின்னரும் மாதாமாதம் தொடர்ந்தன.

தனது சொத்தைத் தனக்கே விற்றல்

39 மில்லியன் எல்லையைத் தாண்டாமல் இவ்வளவும் எப்படிச் செய்ய முடிந்தது என்ற கேள்வி எழுவது இயல்பே. வர்த்தக நண்பர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய இரண்டு கணக்கு முறைகள் இங்கே உள்ளன.

முதலாவது, மைதானம். 2018இல் பிரைட் பார்க் மைதானம் ஏறத்தாழ 80 மில்லியன் பவுணுக்கு விற்கப்பட்டது. வாங்கியது யார்? மெல் மொரிஸுக்குச் சொந்தமான வேறொரு நிறுவனம். கழகம் தனது சொந்த மைதானத்தில் வாடகைக்கு இருக்கத் தொடங்கியது. அதனால் அந்த வருடக் கணக்கில் நட்டம் மறைந்து இலாபம் தோன்றியது. இந்த விற்பனை அக்கால விதிகளுக்கு முரணானதல்ல என்று விசாரித்த சுயாதீன ஆணைக்குழு 2020இல் தீர்ப்பளித்தது. சட்டப்படி சரி. ஆனால் வியாபாரப்படி? வலது பையிலிருந்த பணத்தை இடது பையில் போட்டுவிட்டு இன்று நல்ல வியாபாரம் என்று சொல்வதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு வருடக் கணக்கு அழகானது. அடுத்த வருடம் விற்பதற்கு இன்னொரு மைதானம் இருக்கவில்லை.

இதே வேலையைச் செய்த ஷெஃபீல்ட் வெட்னஸ்டே என்ற கழகத்தின் கதை இன்னும் விசித்திரமானது. தமது மைதானத்தை உரிமையாளருக்கே விற்று, அந்த விற்பனையை அது நிகழாத ஒரு வருடத்தின் கணக்கில் சேர்த்தார்கள். பின் திகதியில் நடந்த விற்பனைக்கு முன் திகதியிட்டுப் பற்றுச்சீட்டு எழுதுவது போன்றது இது. 12 புள்ளிகள் குறைக்கப்பட்டு, மேன்முறையீட்டில் அது 6 ஆனது. அந்த 6 புள்ளிகள் இருந்திருந்தால் 2021இல் அக்கழகம் கீழே விழுந்திருக்காது.

இரண்டாவது, வீரர்களின் பெறுமானத் தேய்வு. ஒரு வீரரை 10 மில்லியனுக்கு வாங்கி நான்கு வருட ஒப்பந்தம் செய்தால், ஒவ்வொரு வருடமும் இரண்டரை மில்லியனைச் செலவாகக் காட்டுவதே வழமை. நான்கு வருடம் முடிந்ததும் அவர் ஒரு சதமும் தராமல் வேறு கழகத்துக்குப் போய்விடலாம் என்பதே இதற்குக் காரணம். டெர்பியோ, அவரைப் பின்னர் விற்றால் இவ்வளவு கிடைக்கும் என்று தானே ஒரு தொகையை மதிப்பிட்டு, ஆரம்ப வருடங்களில் குறைந்த செலவைக் காட்டியது. பாரம் முழுவதும் கடைசி வருடங்களுக்குத் தள்ளப்பட்டது.

நமது பாஷையில் சொல்வதானால், மூன்று வருடமாக மேல் தட்டில் தூசு படிந்து கிடக்கும் துணியை, வாங்கிய விலைக்கே இருப்புக் கணக்கில் எழுதுவது போன்றது. ஐந்தொகையில் அது சொத்தாக நிற்கும். விற்கப் போனால் பாதி விலைக்கும் எடுக்க ஆளிருக்காது.

2021 மே மாதத்தில் மேன்முறையீட்டுக் குழு இந்த முறை பிழையானது என்று முடிவு செய்தது. 100,000 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. பழைய வருடங்களின் கணக்குகளைத் திருத்தி எழுதுமாறு பணிக்கப்பட்டது. திருத்தி எழுதியபோதுதான் மறைந்திருந்த நட்டம் வெளியே வந்தது.

புள்ளிகள் பறிபோன பருவம்

இந்த நிலையில்தான் 2021/22 பருவம் தொடங்கியது. வீரர்களை வாங்குவதற்குத் தடை. பயிற்றுவிப்பாளர் வெய்ன் ரூனி, சம்பளம் குறைந்த சில மூத்த வீரர்களையும் கழகத்தின் பயிற்சிக் கூடத்திலிருந்து வந்த இளைஞர்களையும் வைத்து அணியை அமைத்தார். அப்படியிருந்தும் முதல் எட்டுப் போட்டிகளில் 10 புள்ளிகளைப் பெற்றார்கள்.

2021 செப்டெம்பர் 22ஆம் திகதி கழகம் வங்குரோத்து நிருவாகிகளின் கையில் ஒப்படைக்கப்பட்டது. கொவிட் காரணமாக ஏறத்தாழ 20 மில்லியன் பவுண் வருமானத்தை இழந்ததாகக் கழகம் காரணம் கூறியது. உடனடியாக 12 புள்ளிகள் குறைக்கப்பட்டன. புள்ளிப் பட்டியலில் டெர்பிக்கு நேரே சைபரும் இல்லை, மறை 2. நவம்பரில் கணக்கு விதிகளை மீறியமைக்காக மேலும் 9 புள்ளிகள் குறைக்கப்பட்டபோது அது மறை 3 ஆனது.

அதன் பின்னர் அந்த அணி விளையாடிய விதத்தை நான் மெச்சாமல் இருக்க முடியாது. ஜனவரியில் பர்மிங்ஹாம் அணிக்கெதிராக இரண்டு கோல் பின்தங்கியிருந்து, மேலதிக நேரத்தின் கடைசிக் கணங்களில் சமப்படுத்தினார்கள். அன்று ரசிகர்கள் ஊர்வலமாக மைதானத்துக்கு வந்தார்கள். எவர்ட்டன் என்ற பெரிய கழகம் ரூனியை நேர்முகத்துக்கு அழைத்தபோது அவர் அதனை ஏற்கவில்லை. மறுபுறம், ஃபில் ஜகியெல்கா என்ற அனுபவமிக்க பின்கள வீரரின் குறுகிய கால ஒப்பந்தத்தைக் கூடப் புதுப்பிக்க முடியாமல் ஜனவரியில் அவரை இழந்தார்கள்.

2022 ஏப்ரல் 18ஆம் திகதி குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணியிடம் 1 - 0 எனத் தோற்றதோடு டெர்பி மூன்றாம் தரப் பிரிவுக்கு வீழ்ந்தது உறுதியானது. பருவ முடிவில் 14 வெற்றி, 13 சமநிலை, 19 தோல்வி. மைதானத்தில் சம்பாதித்தது 55 புள்ளிகள். பட்டியலில் எழுதப்பட்டது 34. இடம் 23. தப்பிப் பிழைத்த கழகங்களில் கடைசியான ரீடிங் பெற்றதோ 41 புள்ளிகள்தான். அந்தக் கழகத்துக்கும் கணக்குக் குற்றத்துக்காக 6 புள்ளிகள் குறைக்கப்பட்டிருந்தன. ஆக, 55 புள்ளிகளோடு டெர்பி எந்தக் கவலையுமின்றித் தப்பியிருக்கும்.

வேலை செய்தவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். காரியாலயத்தில் எழுதப்பட்ட கணக்கு அவர்களைக் கீழே இழுத்தது. எத்தனை நல்ல கடைகள் இவ்வாறு மூடப்பட்டிருக்கின்றன! வாசலில் வாடிக்கையாளர் கூட்டம். உள்ளே கடன் புத்தகம்.

வரிசையில் கடைசி ஆள்

இந்தக் கதையில் என்னை மிகவும் பாதித்த பகுதி இனித்தான் வருகிறது. ஒரு கழகம் வங்குரோத்தானால் யாருக்கு முதலில் பணம் கிடைக்கும்?

சொத்தை ஈடாக வைத்துக் கடன் கொடுத்தவர்கள் தங்கள் ஈட்டைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அடுத்து, இங்கிலாந்தின் உதைபந்தாட்டத்துக்கே உரிய ஒரு விதி உண்டு. வீரர்களுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளமும், பிற கழகங்களுக்கு வீரர்களை வாங்கிய வகையில் கொடுக்க வேண்டிய பணமும் முழுமையாகக் கொடுக்கப்பட வேண்டும். இல்லையேல் லீக்கில் தொடர்ந்து விளையாட முடியாது. இது நியாயமற்றது என்று பிரித்தானிய இறைவரித் திணைக்களமே உயர் நீதிமன்றம் சென்று 2012இல் தோற்றது. பின்னர் 2020 டிசம்பர் முதல், ஊழியர் சம்பளத்தில் கழித்த வரி, வாடிக்கையாளரிடம் அறவிட்ட வற் வரி போன்றவற்றில் இறைவரித் திணைக்களத்துக்குச் சாதாரண கடன்காரர்களுக்கு முன்னே இடம் கொடுக்கப்பட்டது. டெர்பி அத்திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது 25 மில்லியன் பவுணுக்கும் அதிகம்.

இவர்கள் அனைவருக்கும் பின்னால் நிற்பவர் யார்? மைதானத்துக்கு உணவு கொடுத்தவர். பற்றுச்சீட்டு அச்சிட்டவர். புல் வெட்டும் இயந்திரம் திருத்தியவர். வாகனம் வாடகைக்கு விட்டவர். எந்த ஈடும் இல்லாமல், பெயரை மட்டும் நம்பிப் பொருள் கொடுத்த சிறு வியாபாரிகள். லீக்கின் விதிப்படி, இவ்வாறானவர்களுக்கு ஒவ்வொரு பவுணுக்கும் உடனடியாக 25 பென்ஸ், அல்லது மூன்று வருடங்களில் 35 பென்ஸ் கொடுத்தால் கழகம் மேலதிகத் தண்டனையிலிருந்து தப்பிக்கொள்ளலாம். 100 பவுண் பொருள் கொடுத்தவனுக்கு 25 பவுண்! 2010இல் போர்ட்ஸ்மத் கழகம் வங்குரோத்தானபோது வெளியான கடன்காரர் பட்டியலில், போட்டிகளுக்கு முதலுதவி வழங்கிய தொண்டு நிறுவனமும் உள்ளூர்ச் சாரணர் குழுவும்கூட இருந்தன. மில்லியன் கணக்கில் சம்பளம் வாங்கிய வீரருக்கு முழுப் பணம். சாரணச் சிறுவர்களுக்குப் பங்கு.

நானும் இதனை ஓரளவு அனுபவித்தவன். காகிதாதிகள் மொத்த வியாபாரத்தில் இருந்த காலத்தில், ஊரே பெயர் சொல்லும் ஓர் இடத்துக்கு மாதாமாதம் பொருள் கொடுத்து வந்தேன். காசோலைகளின் திகதிகள் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று தள்ளிப் போயின. அதே காலத்தில் அவர்களது கட்டடத்துக்குப் புதிய கண்ணாடி பூட்டப்பட்டுக்கொண்டிருந்தது. கேட்டால், "நானா, எங்க பேருக்கு இது ஒரு காசா? நீங்க பயப்படாதீங்க" என்பார்கள். அந்த இடம் மூடப்பட்டபோது வங்கி கட்டடத்தை எடுத்துக்கொண்டது. என்னைப் போன்றவர்களின் கையில் எஞ்சியது திரும்பி வந்த காசோலைகள்தான். கண்ணாடி பூட்டியவருக்கும் பணம் கிடைக்கவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

துணியாதவன் முன்னேறுவானா?

எனது வாதத்துக்கு மறுபக்கமும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. மெல் மொரிஸ் யாரையும் கொள்ளையடித்துத் தனது பையை நிரப்பியவர் அல்லர். அவர் தனது சொந்தப் பணத்தில் பெரும் பகுதியை இழந்தார். துணிந்து இறங்காதவன் வியாபாரத்தில் முன்னேறுவதில்லை என்றும் நாம்தான் சொல்கிறோம்.

அதே பருவத்தில் டெர்பியின் அயல் ஊர்க் கழகமான நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட், முதல் ஏழு போட்டிகளில் ஒரேயொரு புள்ளியோடு கடைசியில் கிடந்தது. பயிற்றுவிப்பாளரை மாற்றிய பின்னர் எழுந்து நான்காம் இடத்துக்கு வந்து, 2022 மே 29ஆம் திகதி இறுதிப் போட்டியில் ஹட்டர்ஸ்ஃபீல்டை 1 - 0 என வென்று, 23 வருடங்களின் பின்னர் பிரீமியர் லீக்குக்குச் சென்றது. துணிந்தவர்களுக்கு வெற்றி கிடைத்ததே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதே ஃபொரஸ்ட், அனுமதிக்கப்பட்ட நட்ட எல்லையை 34.5 மில்லியன் பவுணால் தாண்டியமைக்காக 2024 மார்ச்சில் 4 புள்ளிகளை இழந்தது. அது பிழைத்துக்கொண்டது. இருந்தாலும் வென்றவனுக்கும் கணக்குப் புத்தகம் ஒன்று உண்டு என்பதை இது காட்டுகிறது.

வேறு வழியில் சென்றவர்களும் இருக்கிறார்கள். லூட்டன் டவுன் கழகம் 2008/09 பருவத்தில் 30 புள்ளிகள் குறைக்கப்பட்டு லீக்கிலிருந்தே வெளியேறியது. அதன் புதிய உரிமையாளர்கள் வருமானத்துக்குள் செலவு செய்து, படிப்படியாக ஏறி 2023இல் பிரீமியர் லீக்கை அடைந்தார்கள். ஒரே வருடத்தில் திரும்பி வந்து, 2025இல் மூன்றாம் தரத்துக்கும் இறங்கினார்கள் என்பது உண்மை. சிக்கனமாக இருந்தால் தோல்வி வராது என்று நான் சொல்லவில்லை. விளையாட்டிலும் வியாபாரத்திலும் தோல்வி வரும். ஆனால் தோற்ற பின்னரும் பொருள் கொடுத்தவனின் முகத்தைப் பார்க்கக்கூடிய தோல்வி வேறு, பார்க்க முடியாத தோல்வி வேறு.

துணிச்சலைப் பற்றி எனது அளவுகோல் இதுதான். ஒருவன் தனது பணத்தைப் பந்தயத்தில் வைத்தால் அது அவனது துணிச்சல். வரித் திணைக்களத்தின் பணத்தையும், உணவு கொடுத்தவனின் பணத்தையும், அச்சகக்காரனின் பணத்தையும் அவர்களைக் கேட்காமலே பந்தயத்தில் வைத்தால் அதற்குப் பெயர் துணிச்சல் அல்ல.

நமது கடைகளுக்கு

ஆகவே வர்த்தக நண்பர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, கடனுக்கு எல்லை வையுங்கள். அந்த எல்லை வாங்குபவரின் பெயரைப் பார்த்து வைக்கப்படக் கூடாது. அந்தத் தொகை முழுவதும் திரும்பி வராவிட்டாலும் நமது கடை திறந்திருக்குமா என்று பார்த்து வைக்கப்பட வேண்டும். பெரிய இடம் என்பதால் இரட்டிப்புக் கடன் கொடுப்பவர், பெரிய இடம் விழும்போது இரட்டிப்பாக விழுவார். காசோலையின் திகதி தள்ளிப் போகத் தொடங்கினால், அடுத்த கட்டளைக்குப் பொருள் ஏற்றுவதற்கு முன் பழையதில் ஒரு பகுதியையாவது கேளுங்கள். உறவு கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டாம். பணம் தரும் எண்ணமுள்ளவர் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது, நமது கையிலிருக்கும் பிறரது பணத்தை நமது பணமாக எண்ண வேண்டாம். ஊழியரின் சம்பளத்தில் 8 வீதத்தைச் சேமலாப நிதிக்கென்று கழித்தால், அது அவருடைய பணம். நாம் சேர்க்க வேண்டிய 12 வீதமும் அப்படியே. வாடிக்கையாளரிடம் அறவிட்ட வற் வரியும் நமதல்ல. இக்கட்டான மாதத்தில் முதலில் கை வைக்கத் தோன்றுவது இவற்றில்தான். வெளியே யாருக்கும் தெரியாது என்பதால். டெர்பியின் வரிக் கடனும் ஒரே நாளில் சேர்ந்ததல்ல.

மூன்றாவது, வருடத்துக்கு ஒரு தடவை இருப்பை உண்மையான விலைக்கு எழுதுங்கள். விற்காத பொருளின் பெறுமதியைக் குறைத்து எழுதினால் மனம் வலிக்கும். வலிக்கட்டும். கடையும் வீடும் ஒருவருடையதாக இருந்தாலும் கணக்கு இரண்டாக இருக்கட்டும். கடையின் நட்டத்தை மறைக்கக் காணியைக் கடைக்கு விற்பதும், கடையின் கட்டடத்தை மனைவியின் பெயருக்கு மாற்றி இலாபம் காட்டுவதும் வங்கி முகாமையாளரை ஒரு வருடம் ஏமாற்ற உதவலாம். நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுதான் அதிலுள்ள ஆபத்து.

நான்காவது, இறுதிப் போட்டியில் வெல்லும் முன்னர் பரிசைச் செலவு செய்ய வேண்டாம். பண்டிகைக் கால விற்பனையை நம்பி, கேள்விப்பத்திரம் கிடைக்கும் என்று நம்பி, நிரந்தரச் செலவுகளை ஏற்படுத்திக்கொள்வோர் நம்மிடையே பலர். வரவு ஒரு தடவை வரும், வராமலும் போகும். சம்பளமும் வாடகையும் தவணைப் பணமும் மாதாமாதம் வரும்.

டெர்பியின் கதை 2022இல் முடியவில்லை. வாங்க முன்வந்த ஓர் அமெரிக்க வர்த்தகர் குறித்த காலத்தில் பணத்தைக் கொண்டுவர முடியாமல் ஜூன் மாதத்தில் விலகினார். பின்னர் டெவிட் க்ளோவ்ஸ் என்ற உள்ளூர் கட்டட நிர்மாண வர்த்தகர் முதலில் மைதானத்தையும், ஜூலை 1ஆம் திகதி கழகத்தையும் வாங்கினார். விற்கப்பட்டிருந்த மைதானமும் கழகமும் மீண்டும் ஒரே கைக்கு வந்தன. 2024இல் டெர்பி சம்பியன்ஷிப்புக்குத் திரும்பியது. அடுத்த பருவத்தில் 19ஆம் இடம்பெற்றுத் தனது இடத்தைத் தக்கவைத்தது. பெரிய சாதனை அல்ல. ஆனால் அந்த 50 புள்ளிகளில் ஒன்றும் பறிக்கப்படவில்லை.

பாடம் எல்லோருக்கும் உறைத்ததா என்றால் இல்லை. 2025 ஜூலையில் பிரித்தானியப் பாராளுமன்றம் உதைபந்தாட்டக் கழகங்களின் நிதியைக் கண்காணிக்கச் சுயாதீன ஒழுங்குபடுத்துநர் ஒருவரை நியமிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. மூன்று மாதங்களின் பின்னர், மேலே குறிப்பிட்ட அதே ஷெஃபீல்ட் வெட்னஸ்டே, வீரர்களின் சம்பளத்தைப் பல தடவைகள் பிந்திக் கொடுத்த பின்னர், ஒக்டோபர் 24ஆம் திகதி வங்குரோத்து நிருவாகிகளிடம் சென்றது. மீண்டும் 12 புள்ளிகள். அந்த ஊரிலும் உணவு கொடுத்தவர்களும் அச்சடித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

இந்த வாரம் நேரம் கிடைக்கும்போது உங்கள் கடன் புத்தகத்தை எடுத்து, அதிகம் தர வேண்டிய மூன்று பேரின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்த மூவரில் ஒருவர் நாளை கடையை மூடினால் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். விடை திருப்தியாக இல்லையென்றால், அடுத்த வண்டிப் பொருளை ஏற்றும் முன்னர் அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பது நல்லது.